பானை ஓட்டில் கறுப்புக் கோடு: எந்தச் சோதனைக்குக் காசு போடுவது?

வண்ணம் தீட்டிய பழைய பானை ஓடுகள் ஐந்தாறு கையில் இருக்கின்றன. அந்த வண்ணம் எதனால் ஆனது, குயவர் அதை எப்படிப் போட்டார் என்று ஆய்வேட்டில் எழுத வேண்டும். பணம் கொஞ்சம்தான். ஓட்டிலிருந்து துளி பெயர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தாலும் அரிசி முனை அளவுக்கு மேல் தேறாது. எந்தச் சோதனைக்கு அனுப்புவது?

நம் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பழகிப்போன ஒரு பதில் உண்டு. வண்ணத்தைச் சுரண்டிப் பொடியாக்கி, எக்ஸ் கதிரால் படிகக் கனிமங்களை இனம்காணும் எக்ஸ்ஆர்டி, அகச்சிவப்பு ஒளியால் சேர்மங்களை இனம்காணும் எஃப்டிஐஆர் இரண்டுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எஸ்இஎம் என்ற மின்னணு நுண்ணோக்கிக்கு அனுப்புவது. மூன்று கருவிகளும் பக்கத்துத் துறையிலேயே இருக்கும், கட்டணமும் தாங்கும். பானையின் களிமண் பற்றியோ, சுட்ட வெப்பம் பற்றியோ கேள்வி என்றால் இது நல்ல வழிதான். ஆனால் வண்ணம் பற்றிய கேள்விக்கு இது பொருந்தாத வழி என்பது என் உறுதியான எண்ணம். சுரண்டிய உடனேயே நமக்கு மிகவும் வேண்டிய ஒரு தகவல் அழிந்துபோகிறது: எதன் மேல் எது இருந்தது என்பது.

கறுப்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சுட்ட மண்பாண்டத்தின் மேல் கறுப்பு வருவதற்கு முக்கியமாக மூன்று வழிகள். முதலாவது கரி. புகைக்கரி, அடுப்புக்கரி, கிராஃபைட் எல்லாம் இதில் சேரும். காற்றோட்டமுள்ள சூளையில் கரி எரிந்து போய்விடும் என்பதால், கரிக் கறுப்பு நிலைத்திருந்தால் ஒன்று சூளையை மூடிப் புகையவிட்டிருக்க வேண்டும், அல்லது சுட்ட பிறகு பூசியிருக்க வேண்டும். இரண்டாவது மாங்கனீசு தாது. காற்று எவ்வளவு பட்டாலும் இது கறுப்பாகவே இருக்கும். சீனத்தின் மாஜியாயாவ் கலங்களிலும், ருமேனியா, உக்ரைன் பக்கத்து குக்குட்டேனி-திரிப்பிலியா கலங்களிலும் காணப்படும் கறுப்புக் கோலங்கள் இந்த வகை. மூன்றாவது இரும்பு, அதாவது சிவப்புக் காவியில் இருக்கும் அதே இரும்பு. சூளையில் காற்றைக் குறைத்தால் ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு மாக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும்.

இந்த மூன்றாவது வழியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஏதென்ஸ் குயவர்கள். கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் செய்த பளபளக்கும் கறுப்புக் கலங்களைப் பார்த்தால் தனியாக ஏதோ சாயம் பூசியது போலத்தான் தோன்றும். உண்மையில் அது களிமண்தான். மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கும் கரடான பகுதியை ஒதுக்கி, மிதக்கும் மிக நுண்ணிய கலங்கலை மட்டும் எடுத்துத் தீட்டினார்கள். சூளையில் முதலில் காற்று விட்டார்கள், கலம் முழுக்கச் சிவந்தது. வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கட்டத்தில் காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டுப் புகைய விட்டார்கள், எல்லாமே கறுத்தது. அந்த வெப்பத்தில் நுண்களிமண் பூச்சு மட்டும் உருகிக் கண்ணாடிபோல் மூடிக்கொண்டது. அப்புறம் மறுபடி காற்று விட்டபோது துளைகள் உள்ள உடல்மண், அதாவது பூச்சுக்கு அடியிலுள்ள பானையின் மண், சிவப்புக்குத் திரும்பியது. மூடிக்கொண்ட பூச்சுக்குள் ஆக்சிஜன் புக முடியாததால் அது கறுப்பாகவே நின்றது. ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் ஷூமன் 1942இல் இதைச் செய்து காட்டும் வரை அந்தக் கறுப்பு என்ன சாயம் என்று அறிஞர்கள் குழம்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்த ஏதென்ஸ் ஓட்டைச் சுரண்டிப் பொடியாக்கினால் என்ன கிடைக்கும்? சிலிக்கா, அலுமினா, இரும்பு, கொஞ்சம் பொட்டாசியம். எந்தக் களிமண்ணிலும் இருப்பவை. பூச்சின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான் அளவுதான். கத்தி அதைவிட ஆழமாகத்தான் இறங்கும் என்பதால் பொடியில் பெரும்பங்கு உடல்மண். எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் குவார்ட்ஸ் உச்சி நெட்டையாக நிற்கும், மாக்னடைட் அதன் காலடியில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். கிடைத்தாலும் மாக்னடைட்டின் உச்சிகளும் மாக்ஹெமைட் என்ற இன்னோர் இரும்பு ஆக்சைடின் உச்சிகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுவதால் எது என்று அடித்துச் சொல்ல முடியாது. கருவியின் மேல் குறையில்லை. கெஹ்லினைட், முல்லைட் போன்ற கனிமங்களை வைத்துச் சுட்ட வெப்பத்தை மதிப்பிட எக்ஸ்ஆர்டியை விடச் சுலபமான வழி குறைவு. மெல்லிய பூச்சு அதற்கு ஏற்ற வேலை இல்லை, அவ்வளவுதான். ஓரச்சாய்வாகக் கதிரை விழவைக்கும் எக்ஸ்ஆர்டி வசதி இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். ஆனால் அதற்குத் தட்டையான பரப்பு வேண்டும், பானை ஓடு வளைந்தது.

சரி, சுரண்டவே வேண்டாம், கையடக்க எக்ஸ்ஆர்எஃப் போதுமே என்பார்கள். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் பெட்டியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். ஓட்டுக்கு ஒரு கீறலும் இல்லை, ஓர் ஓட்டுக்கு ஓரிரு நிமிடம் போதும். முதல் சல்லடையாக இதற்கு இணை இல்லை என்றே நினைக்கிறேன். சில கேள்விகளை இது ஒன்றே முடித்துவிடும். எகிப்தில் 18ஆம் அரச மரபுக் காலத்து மல்கட்டா, அமர்னா நீலக் கலங்கள் நல்ல உதாரணம். அந்த நீலம் கோபால்ட். மேற்குப் பாலைவனத்தின் கார்கா, டக்லா சோலைகளில் கிடைக்கும் படிகாரத்திலிருந்து எடுத்தது என்பதால், கோபால்ட்டோடு மாங்கனீசு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கூடவே வரும். எக்ஸ்ஆர்எஃப்பில் இந்த நாலும் சேர்ந்து தெரிந்தால் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது வரைக்கும் பேசலாம். கரிம நீலம் என்றால் கதை வேறு. மாயர்களின் நீலம், அவுரிச் சாயத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணில் ஏற்றியது. எக்ஸ்ஆர்எஃப்புக்குக் களிமண் மட்டும்தான் தெரியும், அவுரி தெரியவே தெரியாது.

கறுப்புக்கு வந்தால் எக்ஸ்ஆர்எஃப் பாதி வழி கூட்டிப் போகும். மாங்கனீசு ஏறி நின்றால் ஒரு வகை. கோட்டின் மேலும், பக்கத்து வெறும் மண்ணிலும் மாங்கனீசு ஒரே அளவாக இருந்தால் கரி அல்லது இரும்பு. இந்த இரண்டையும் அதனால் பிரிக்க முடியாது. கரி மிக லேசான தனிமம், கையடக்கக் கருவியின் கண்ணில் படாது. இரும்போ உடல்மண்ணிலும் தாராளமாக உண்டு. இரும்பின் கதிர் பல பத்து மைக்ரான் ஆழத்திலிருந்து வருவதால் பூச்சும் உடல்மண்ணும் ஒரே கணக்கில் கலந்துவிடும். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. கருவியின் குவியம் பொதுவாகச் சில மில்லிமீட்டர் அகலம். கோடு 2 மில்லிமீட்டர்தான் என்றால் நாம் அளப்பது பாதிக் கோடு, பாதி வெறும் ஓடு. அதனால் ஒவ்வோர் ஓட்டிலும் வண்ணத்தில் மூன்று இடம், வெறும் மண்ணில் மூன்று இடம், உடைந்த விளிம்பில் ஓரிடம் என்று அளந்து, விகிதமாகப் பார்ப்பதுதான் நம்பத்தக்கது. வண்ணத்தை மட்டும் அளந்து வந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது.

அடுத்தது ராமன், லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறுவதை அளக்கும் சோதனை. அது தனிமத்தைச் சொல்லாது, சேர்மத்தைச் சொல்லும். ஹெமடைட் என்றால் 225, 292, 410 அலையெண்களின் பக்கம் கோடுகள். மாக்னடைட் 668 பக்கம், கால்சைட் 1086, ஜிப்சம் 1008. கரி என்றால் 1350, 1590 பக்கத்தில் இரண்டு அகலமான மேடுகள். ஆக, எக்ஸ்ஆர்எஃப் விட்ட இடத்தில், கரியா இரும்பா என்ற கேள்விக்கு, ராமன் நேரடியாகப் பதில் சொல்கிறது. நுண்ணோக்கி வழியாக லேசரைக் குவிப்பதால் ஒரு மைக்ரான் புள்ளியைக்கூடக் குறிவைக்கலாம். ஓட்டை அப்படியே மேசையில் வைத்தே செய்யலாம்.

ஆனால் கறுப்புப் பொருள் லேசரை விழுங்கிச் சூடாகும். லேசரின் சக்தியைக் குறைக்க மறந்தால் மாக்னடைட் நம் கண்முன்னேயே ஹெமடைட்டாக மாறிவிடும், மாங்கனீசு ஆக்சைடுகளும் உருமாறும். பிறகு "கறுப்பில் ஹெமடைட் இருக்கிறது" என்று அறிக்கை வரும். கறுப்புப் பரப்பில் ஒரு மில்லிவாட்டுக்குக் கீழிருந்து தொடங்கி, அளந்த இடத்தை மறுபடி நுண்ணோக்கியில் பார்த்துச் சுட்ட தழும்பு இல்லையென்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் கருவி இயக்குபவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல இயக்குநர் அவரே செய்வார். மண்ணிலிருந்து ஏறிய மக்கிய பொருளும், ஓட்டை உறுதிப்படுத்தப் பூசிய பாரலாய்டு போன்ற பிசினும் ஒளிர்ந்து கோடுகளை முழுங்கிவிடுவதும் உண்டு. பூசிய ஓடு என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கரி என்று தெரிந்த பிறகு அது எப்படிப்பட்ட கரி என்று கேட்டால், அங்கே ராமனும் தனியாகப் போதாது. கீழடி ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதியபோது ராமன், பரப்பின் வேதிநிலையைப் பார்க்கும் எக்ஸ்பிஎஸ், மிக உயர்ந்த பெருக்கமுள்ள மின்னணு நுண்ணோக்கியான டிஇஎம் மூன்றையும் சேர்த்துத்தான் வாதத்தை வைத்தார்கள். சுமார் 0.6 நானோமீட்டர் விட்டமுள்ள குழாயை டிஇஎம் மாதிரியான கருவியில்தான் பார்க்க முடியும். அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு எல்லாரும் தங்கள் ஓட்டையும் டிஇஎம்முக்கு அனுப்ப ஆசைப்படுவது இயல்பு. உங்கள் கேள்வி "இது கரியா, மாங்கனீசா" என்றால் அது வீண் செலவு.

நான் முதல் இடம் கொடுப்பது குறுக்குவெட்டுக்கு. உடைந்த விளிம்பில், வண்ணம் முடியும் இடத்தில், 2 மில்லிமீட்டர் சில்லு ஒன்று எடுக்க வேண்டும். வண்ணமும் பூச்சும் உடல்மண்ணும் ஒன்றோடொன்று ஒட்டியபடி வர வேண்டும், அதுதான் முக்கியம். அதை ரெசினில் நிறுத்தி வைத்து உறையவிட்டு, உப்புத்தாளில் கரடிலிருந்து நைசுக்குப் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் வைரத்துகள் பசையால் மெருகேற்றினால், பானையின் தோல் பக்கவாட்டில் திறந்துவிடும். முதலில் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 200 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். நிறம் தெரிவது இங்கேதான். எஸ்இஎம் படம் வெறும் சாம்பல் நிறம். கீழே சிவந்த உடல்மண், அதில் அங்கங்கே கண்ணாடித் துண்டுபோல் குவார்ட்ஸ், அதற்கு மேல் மண் துகளே தெரியாத நைசான பூச்சு, அதற்கு மேல் அல்லது அதற்குக் கீழ் வண்ணக் கோடு.

அந்த "மேல் அல்லது கீழ்" என்பதில்தான் குயவரின் கை தெரிகிறது. பூச்சுக்கு முன் தீட்டினாரா, பின் தீட்டினாரா? வண்ணம் பூச்சோடு உருகிப் பிணைந்திருந்தால் சூளைக்கு முன் தீட்டியது. இடையில் கூர்மையான பிளவு, வண்ணத் துகள்கள் ஒன்றோடொன்று இறுகாமல் உதிரியாக இருந்தால் சுட்ட பிறகு தீட்டியது. மெருகுக்கல் வைத்துத் தேய்த்த பிறகு தீட்டியிருந்தால் அடியிலுள்ள பரப்பு வழவழப்பாகத் தட்டையாக இருக்கும்.

பொடியிலோ மேற்பரப்பிலோ பிடிபடாத ஓர் ஏமாற்றும் இங்கே பிடிபடும். மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த ஓடுகளில் நிலத்தடி நீரிலிருந்து மாங்கனீசு வந்து கறுப்பாகப் படியும். எக்ஸ்ஆர்எஃப்புக்கு அதுவும் மாங்கனீசு, வண்ணமும் மாங்கனீசு. குறுக்குவெட்டில் படிவு என்றால் விரிசல்களுக்குள் வேர்போல் இறங்கியிருக்கும், மண் பொருக்கின் மேலும் ஏறியிருக்கும், உடைந்த விளிம்பைக்கூட விட்டுவைத்திருக்காது. தீட்டிய கோடு தன் அடுக்கோடு நின்றுவிடும்.

அதன்பின் அதே வெட்டை எஸ்இஎம்மில் வைத்து, பின்சிதறல் படமும், எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று காட்டும் இடிஎஸ் வரைபடமும் எடுக்க வேண்டும். கனமான தனிமங்கள் பளிச்சென்று தெரியும் என்பதால் மாங்கனீசு அடுக்கு வெள்ளையாக நிற்கும். ஏதென்ஸ் வகைப் பூச்சு என்றால் துளையில்லாத கண்ணாடிப் பட்டை, பொட்டாசியமும் அலுமினியமும் உடல்மண்ணைவிடக் கூடுதல். கரி என்றால் இருண்டு கிடக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: எஸ்இஎம் மாதிரிகளுக்கு மின்கடத்த வைக்க வழக்கமாகக் கார்பன் பூசுவார்கள். நீங்கள் தேடுவதே கரி என்றால் பொன் பூசச் சொல்லுங்கள், அல்லது பூச்சே தேவைப்படாத குறைவெற்றிட முறையைக் கேளுங்கள். ரெசினிலும் கார்பன்தான் இருக்கிறது, துளைகளில் இறங்கிய ரெசினைக் கரி என்று வாசித்துவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் அதே வெட்டை ராமனுக்கு எடுத்துப்போகலாம். ரெசினுக்கும் கரிக்கும் கோடுகள் வேறு. ஒரே சில்லு, இரண்டு மூன்று கருவி, எல்லாம் ஒரே புள்ளியைப் பற்றிப் பேசுகின்றன. பொடியில் இந்த வசதி கிடையாது.

வெள்ளைக் கோடு என்றால் சிக்கல் வேறு மாதிரி. கொங்குப் பகுதியில் கொடுமணல் போன்ற இடங்களில் கிடைக்கும் ரசட் பூச்சு ஓடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பழுப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணா, சுண்ணாம்பா? எக்ஸ்ஆர்டியில் கயோலினின் முக்கியக் கனிமமான கயோலினைட் இல்லை என்று வந்ததை வைத்து "கயோலின் இல்லை" என்று முடித்துவிடக் கூடாது. கயோலினைட் 550 டிகிரி சுற்றிலேயே படிக அமைப்பை இழந்துவிடும். சுட்ட பானையில் கயோலின் தீட்டியிருந்தாலும் எக்ஸ்ஆர்டி அதைக் காட்டாது. இடிஎஸ்ஸில் அலுமினியமும் சிலிக்கனும் கிட்டத்தட்டச் சமமாக, இரும்பு மிகக் குறைவாக வந்தால் கயோலின் என்று சொல்ல வலுவான ஆதாரம். ராமனில் அனடேஸ் என்ற டைட்டானியம் கனிமம் சிறிதளவு தட்டுப்படுவதும் துணைச் சான்று. கால்சைட் கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது. சுண்ணாம்பு சூளையில் சிதைந்து, பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கால்சைட்டாகும், மண்ணிலிருந்தும் வந்து படியும். இங்கும் தீர்ப்பு குறுக்குவெட்டில்தான். வெள்ளை அடுக்கு செம்பூச்சின் அடியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் பாதி வாதம் முடிந்தது.

எந்த ஓட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். சுண்ணாம்புப் படிவை நீக்க அமிலத்தில் கழுவிய ஓடு என்றால் கால்சைட் வெள்ளை கரைந்தே போயிருக்கும், அதை அனுப்பிப் பயனில்லை. அழகான ஓட்டைவிட, எந்தக் குழியில் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற பதிவோடு இருக்கும், பிரஷ் படாத சின்ன ஓடே மேல்.

மிகச் செறிவான எக்ஸ் கதிர் தரும் பெரிய முடுக்கியான சின்க்ரோட்ரான் பற்றியும் கேட்பார்கள். இரும்பு எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு ஃபெரஸ், எவ்வளவு ஃபெரிக் என்பதைப் பூச்சின் அடுக்கு வாரியாகச் சொல்லக்கூடியது அது. ஏதென்ஸ் கலங்களில் அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டின் எஸ்எல்ஏசி முடுக்கி ஆய்வகமும் சேர்ந்து அந்த வகை வேலையைச் செய்திருக்கின்றன. நம் நாட்டில் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது. ஆனால் கூர்மையான கேள்வி கையில் இருந்தால்தான் விண்ணப்பத்துக்கே மதிப்பு, அந்தக் கேள்வி குறுக்குவெட்டைப் பார்த்த பிறகுதான் பிறக்கும். வண்ணத்தைக் குழைத்த பசை எது என்று தேடும் ஜிசி-எம்எஸ்ஸும் அப்படித்தான். சூளையில் வெந்த வண்ணத்தில் பசை மிஞ்சியிருக்காது. சுட்ட பிறகு தீட்டியது என்று வெட்டில் உறுதியானால் மட்டும் அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஆக, என் தேர்வு இது. துளி எடுக்க அனுமதி இருந்தால், எல்லா ஓடுகளுக்கும் எக்ஸ்ஆர்எஃப், அதிலிருந்து வேறுபட்டுத் தெரியும் இரண்டு மூன்றுக்குக் குறுக்குவெட்டு, அந்த வெட்டிலேயே எஸ்இஎம்-இடிஎஸ், தேவைப்பட்டால் ராமன். சென்னை ஐஐடியின் எஸ்ஏஐஎஃப் போன்ற மையங்கள் வெளியாட்களின் மாதிரிகளையும் ஏற்கின்றன என்பதால் சொந்தத் துறையில் கருவி இல்லை என்று திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. அருங்காட்சியகக் கலம், கீறவே கூடாது என்றால், எக்ஸ்ஆர்எஃப்பும் கலத்தை அப்படியே வைத்து அளக்கும் ராமனும். அந்த நிலையில் "எதனால் ஆனது" என்பதோடு நிறுத்திக்கொண்டு, "எப்போது தீட்டினார்கள்" என்பதை அறிக்கையில் எழுதாமல் விடுவதே நேர்மை. பணம் ஒரே ஒரு சோதனைக்குத்தான் என்றால் தயங்காமல் குறுக்குவெட்டு, ஒளி நுண்ணோக்கியோடு நின்றாலும் பரவாயில்லை.

இதோடு பலரும் கணக்கிலேயே எடுக்காத ஒரு வழியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: சுட்டுப் பார்ப்பது. அகழாய்வு நடந்த ஊரின் மண்ணை எடுத்துச் சின்னச் சின்ன வில்லைகள் செய்து, ஒன்றில் மாங்கனீசு, ஒன்றில் தெளியவிட்ட காவிக் கலங்கல், ஒன்றில் கயோலின் தீட்டி, காற்றுவிட்டும் அடைத்தும் சுட்டு, அவற்றையும் அதேபோல் வெட்டி எஸ்இஎம்மில் வைக்க வேண்டும். ஷூமனும் கடைசியில் சூளையில்தான் தன் வாதத்தை நிறுவினார். கீழடிக்குப் பக்கத்தில் மானாமதுரையில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது. எந்த மண் எந்த வெப்பத்தில் கறுக்கும், எப்போது பூச்சு வெடிக்கும் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை உடன்வைத்துச் சுட்ட வில்லையின் வெட்டும் பழைய ஓட்டின் வெட்டும் ஒரே படத்தில் பக்கம் பக்கமாக இருந்தால், ஆய்வேட்டைப் படிப்பவர் இரண்டையும் தானே ஒப்பிட்டுக்கொள்ளலாம். சுட்ட வெப்பம், காற்றை அடைத்த நேரம், எந்த விறகு என்பவற்றை வில்லையின் எண்ணோடு சேர்த்து எழுதிவைத்து, வெட்டிய ரெசின் கட்டிகளையும் ஓடுகளோடு அதே பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.